மோரோவிண்ட்: நீண்ட காதோடு நின்றுவிடாத எல்ஃப்கள்

எல்ஃப் என்றால் காடு, வில், நீண்ட ஆயுள், கொஞ்சம் கர்வம். டுவார்ஃப் என்றால் தாடி, கோடரி, சுரங்கம், மது. ஓர்க் என்றால் கோபம். ஃபேன்டஸி கேம்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் அப்படியே எடுத்து, தோல் நிறத்தை மாற்றி, நாலு கடவுள் பெயர்களைச் சேர்த்துவிட்டு, தங்கள் உலகம் தனி உலகம் என்று விளம்பரம் செய்கின்றன. பெதஸ்டா 2002 மே மாதம் வெளியிட்ட மோரோவிண்ட் அந்தக் குறுக்கு வழியில் போகவில்லை. வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று இதை வாங்கலாமா என்று கேட்டால், ஒரு கற்பனை இனத்துக்கு உண்மையான பண்பாட்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். விறுவிறுப்பான சண்டையைத் தேடுபவர்களுக்கு இது சரிப்படாது.

ஒரு இனத்தின் பண்பாட்டில் ஆழம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு அளவுகோல் போதும். அந்த வழக்கம் விளையாடுபவரின் கையைத் தடுக்கிறதா, வழியை மாற்றுகிறதா, செலவு வைக்கிறதா? மூன்றும் இல்லாமல் கேமுக்குள் இருக்கும் புத்தகத்தில் மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் பூச்சு. மோரோவிண்டில் பூச்சும் இருக்கிறது. ஆனால் வழியை மறித்து நிற்கும் வழக்கங்கள் இத்தனை இருக்கும் வேறு பெரிய ஆர்பிஜியை, அதாவது பாத்திரமேற்று ஆடும் கேமை, காட்டுவது கடினம்.

கதை நடக்கும் இடம் வார்டன்ஃபெல் என்ற எரிமலைத் தீவு. இங்கே வாழும் டன்மர் இனமும் எல்ஃப்தான், ஆனால் சாம்பல் நிறத் தோல், சிவந்த கண். முன்னோர் செய்த துரோகத்துக்கு அசூரா என்ற தெய்வம் கொடுத்த சாபம் என்பது ஒரு தரப்பு சொல்லும் காரணம். தோற்றத்தோடு விட்டிருந்தால் இதுவும் நிறம் மாற்றிய எல்ஃப்தான். இங்கே நிலத்திலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். சாம்பல் கொட்டும் மண்ணில் குதிரைக்கும் பசுவுக்கும் வழியில்லை. அதனால் சுமை தூக்க குவார் என்ற இரண்டு கால் பிராணி, தொலைதூரப் பயணத்துக்கு சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி. குவாமா என்ற பூச்சியின் முட்டைதான் முக்கிய உணவு, ஏற்றுமதிச் சரக்கும் அதுவே. முட்டைகளைச் சுரங்கத்துக்குள் போய் எடுக்கிறார்கள். சுரங்கத்துக்கு உரிமையாளர் இருந்தால், ஒரு முட்டையை எடுத்தாலும் திருட்டுக் கணக்கில் சேரும். நோய் பிடித்த ராணிப் பூச்சியைக் கொல்லாமல் குணப்படுத்தச் சொல்லும் குவெஸ்ட் (பணி) உண்டு, ராணி செத்தால் சுரங்கத்துக்கே பிழைப்பில்லை என்பதால். கவசங்கள் பூச்சி ஓட்டிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகின்றன. இரும்பும் உண்டு, ஆனால் உள்ளூர்க்காரர்கள் உடம்பில் அதிகம் பார்ப்பது சிட்டினும் போன்மோல்டும்தான். வீடு, உடை, சாப்பாடு எல்லாம் ஒரே காரணத்திலிருந்து கிளைப்பதால்தான் இந்த ஊர்கள் நம்பும்படி இருக்கின்றன.

டன்மருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பது இதைவிட முக்கியம். ஒரு இனத்துக்கு ஒரே குணம் கொடுப்பதுதான் இந்த வகைக் கேம்களின் தீராத வியாதி. இங்கே தீவில் செல்வாக்குள்ள குலங்கள் மூன்று: ஹ்லாலு, ரெடோரான், டெல்வானி. வெளியே சாம்பல் வெளியில் இந்தக் குலங்களையும் கோயிலையும் ஏற்காத ஆஷ்லேண்டர் பழங்குடிகள். ஹ்லாலு வியாபாரிகள், தீவை ஆளும் பேரரசோடு ஒத்துப்போகிறவர்கள். ரெடோரான் வீரமும் கடமையும் பேசுபவர்கள், அவர்களது ஆல்ட்ருன் நகரில் தலைவர்களின் மாளிகைகள் செத்துப்போன ஒரு பிரம்மாண்ட நண்டின் ஓட்டுக்குள் இருக்கின்றன. டெல்வானி மந்திரவாதிகள் வளர்ந்த காளான்களுக்குள் குடியிருக்கிறார்கள்.

டெல்வானி கோபுரத்துக்குள் நுழைந்து பாருங்கள். வாசலைத் தாண்டினால் செங்குத்தான குழாய் போல ஒரு தண்டு, தலைவர் இருப்பது அதன் உச்சியில். படிக்கட்டு கிடையாது, ஏணியும் கிடையாது. மிதக்கத் தெரிந்தவர் மேலே வரட்டும், தெரியாதவரோடு பேச என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை, கட்டடமே சொல்லிவிடுகிறது. மிதக்க உதவும் லெவிடேட் மந்திரம் தெரியாத வீரர், அதே விளைவைத் தரும் ரைசிங் ஃபோர்ஸ் போஷன் (மந்திர மருந்து) வாங்க வேண்டும், அதுவும் மேலே போக ஒன்று, இன்னொரு தளத்துக்கு மாற ஒன்று, கீழே இறங்க ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும். பாதி உயரத்தில் விளைவு தீர்ந்தால் விழுந்து அடிபடுவீர்கள். செருக்கு மிகுந்த மந்திரவாதிகள் என்று வாயால் சொன்னால் மறந்துபோகும். போஷனுக்குக் காசு கொடுத்தபின் மறக்காது.

இதன் மறுபக்கமும் தெரிந்துகொள்ள வேண்டியது. இதே வரிசையில் அடுத்து வந்த 2006 ஆப்லிவியனிலும் 2011 ஸ்கைரிமிலும் லெவிடேட் மந்திரமே எடுக்கப்பட்டுவிட்டது. நகரங்கள் மதிலுக்குள் தனிப் பகுதியாக லோட் ஆகும் அமைப்பில், பறந்து மதிலைத் தாண்டினால் உலகம் உடைந்து தெரியும். பிறகு ஸ்கைரிமின் டிராகன்பார்ன் விரிவாக்கத்தில் டெல்வானி கோபுரம் திரும்பி வந்தபோது, உள்ளே காலடி வைத்தால் தானே மேலே தூக்கிவிடும் மாயத்தண்டு வைக்க வேண்டியதாயிற்று. கோபுரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் மேலே போகலாம் என்றானபின் அதில் டெல்வானித்தனம் இல்லை. ஒரு மெக்கானிக்கை, அதாவது விளையாட்டு விதியை, எடுத்தால் அதில் தொங்கிய பண்பாடும் சேர்ந்து போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

முதன்மைக் கதையில் மூன்று குலங்களும் உங்களை ஹோர்டேட்டர், அதாவது போர்த்தலைவர் என்று ஏற்க வேண்டிய கட்டம் வரும். கேட்பது ஒரே பட்டம். ஹ்லாலுவிடம் போனால் கிராசியஸ் கியூரியோ என்ற குல அவை உறுப்பினர் தன் ஓட்டுக்கு 1000 நாணயம் வெளிப்படையாகக் கேட்கிறார். இன்னும் இரண்டு பேரின் ஓட்டு, ஓர்வாஸ் டிரென் என்ற கடத்தல் கும்பல் தலைவரின் கையில். அவரைப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம், தீர்த்தும் கட்டலாம். ரெடோரானில் பணம் செல்லாது. உறுப்பினர் ஒருவரின் மகனை மீட்டுத் தந்து, மற்றவர்களின் மதிப்பைப் பெற்று, கடைசியில் தலைவர் போல்வின் வெனிமோடு விவெக் நகர அரங்கில் எல்லோரும் பார்க்க ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டும். டெல்வானியில் தலைவர் கோத்ரென் முடியாது என்றும் சொல்லமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார். யோசிக்கிறேன், பிறகு வா என்பார். எத்தனை முறை போனாலும் அதே பதில். அவரைக் கொல்வதுதான் வழி, அந்தக் குலத்தில் அது குற்றமும் அல்ல, மேலே போகும் வழக்கமான முறை. லஞ்சம், வாள், கொலை: மூன்று பண்பாடுகளை விளக்க இதற்குமேல் ஒரு வரி வேண்டாம். குவெஸ்ட் எழுதுபவர்கள் உட்கார்ந்து பிரித்துப் படிக்க வேண்டிய பகுதி இது.

மதத்தையும் இப்படித்தான் கையாண்டிருக்கிறார்கள். டன்மர் கோயில் மூன்று உயிருள்ள தெய்வங்களை வணங்குகிறது: விவெக், அல்மலெக்ஸியா, சோதா சில். கோயிலில் சேர்ந்தால் புனித யாத்திரை போக வேண்டும். கும்மு வயல் என்ற இடத்தில் ஒரு சிறு நடுகல். குவார் செத்துப்போனதால் அறுவடை செய்ய முடியாமல் தவித்த ஏழை விவசாயிக்காக, விவெக் தன் பட்டாடையைக் களைந்துவிட்டு அந்தப் பிராணியின் இடத்தில் நின்று சேற்றில் உழைத்தார் என்பது அதன் கதை. அங்கே காணிக்கை தங்கமும் இல்லை, ரத்தமும் இல்லை. மக் என்ற அழுக்கான தாவரப் பொருள் ஒன்று. இருபது வகை மூலிகைகளைப் பையில் வைத்திருப்பவரிடம் அது இல்லாமல் போகலாம், அப்போது திரும்பிப் போய்ப் பறித்து வர வேண்டியதுதான்.

இன்னொன்று மௌன யாத்திரை. தீவின் வட கோடியில் இருக்கும் சாங்டஸ் நடுகல்லுக்கு யாரிடமும் பேசாமல் போக வேண்டும். சுலபம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கேமில் சில்ட் ஸ்ட்ரைடர் ஏற ஓட்டுநரிடம் பேச வேண்டும், படகுக்கு படகோட்டியிடம், மேஜஸ் கில்ட் என்ற மந்திரவாதிகள் சங்கத்தின் டெலிபோர்ட்டுக்கு (நொடியில் ஊர் மாற்றும் மந்திரத்துக்கு) அங்கிருக்கும் வழிகாட்டியிடம். எல்லாம் டயலாக் ஜன்னல் வழியாகத்தான். வாயைத் திறந்தால் விரதம் முறியும். ஆக, நடந்து, நீந்தி, மிதந்துதான் போக வேண்டும். புதிதாக ஒரு மெக்கானிக்கும் சேர்க்காமல், ஏற்கெனவே இருந்த ஒரு வசதியைப் பறித்ததன் மூலம் விரதம் என்றால் என்ன என்று உணர வைத்துவிட்டார்கள். புறப்படுமுன் நீர்மேல் நடக்கும் மந்திரமோ சுருளோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வடக்கே கடல் குறுக்கிடும்.

கோயிலின் காவலர்களான ஆர்டினேட்டர்களின் கவசம் பார்க்க அழகாக இருக்கும், நல்ல பாதுகாப்பும் தரும். அதை அணிந்துகொண்டு அவர்களில் ஒருவரிடம் பேசினால் தீர்ந்தது. அவர்களுக்கு அது புனித உடை. அன்றிலிருந்து ஆர்டினேட்டர்கள் கண்ட இடத்தில் தாக்குவார்கள், கவசத்தைக் கழற்றி வைத்தாலும் பகை போகாது. இதே உலகில் மொராக் டாங் என்ற கொலையாளிச் சங்கம் சட்டப்படி இயங்குகிறது. குறிப்பிட்ட ஆளைக் கொல்ல எழுத்தாணை கொடுக்கிறார்கள். நடுத்தெருவில் கொன்றுவிட்டு, பிடிக்க வரும் காவலரிடம் அந்த ஆணையைக் காட்டினால் வழி விடுகிறார். புனித உடைக்கு மன்னிப்பில்லை, முறைப்படி செய்த கொலைக்குத் தண்டனையில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தச் சமூகத்தின் நியாயம் நம் நியாயம் அல்ல என்பது புரிந்துவிடும்.

ஆஷ்லேண்டர்களிடம் போகும்போது ஆயுதத்தை விட நடத்தைதான் முக்கியம். தலைவர்களின் கூடாரத்துக்குள் அழைக்காமல் நுழையக் கூடாது, அந்நியர் பரிசு கொண்டு வருவது மரியாதை. இவற்றை ஆல்ட்ருனில் இருக்கும் ஹாசூர் ஜைன்சுபானியிடம் முன்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவருக்கே பிடித்த பரிசு என்னவென்று விசாரித்து வாங்கிப் போக வேண்டும். ஒரு பழங்குடித் தலைவருக்கு உயர்குல டெல்வானி மணமகள் வேண்டும் என்று ஆசை, கிடைப்பது நடக்காத காரியம். ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கி, உயர்ந்த உடையும் வாசனைத் திரவியமும் கொடுத்து, அந்தத் தலைவரிடம் அனுப்பி வைப்பதுதான் குவெஸ்ட். இது நெருடலான விஷயம், கேம் அதை மறைக்கவில்லை.

வரலாற்றையும் ஒரே குரலில் சொல்லவில்லை. நெரவார் என்ற பழைய தலைவர் போர்க்காயத்தில் இறந்தார் என்கிறது கோயில். அந்த மூன்று தெய்வங்களே அவரைக் கொன்றார்கள் என்கிறார்கள் ஆஷ்லேண்டர்கள். எது உண்மை என்று கேம் கடைசிவரை முத்திரை குத்துவதில்லை. ஒரு இனத்தின் கதையை எல்லோரும் ஒரே மாதிரி ஒப்பித்தால் அது கேம் எழுதியவரின் குறிப்பாகத்தான் தெரியும்.

டுவார்ஃப்களைப் பற்றிச் சுருக்கமாக. இந்த உலகின் டுவார்ஃப்களும் எல்ஃப்களே, ட்வெமர் என்று பெயர். ஒட்டுமொத்த இனமும் ஒரே கணத்தில் மறைந்துபோயிற்று. மிச்சம் நீராவி இயந்திரங்களும் பாழடைந்த நகரங்களும், தீவின் ஒரு மூலையில் நோயோடு உயிர் வாழும் ஒரே ஒருவரும். தாடி வைத்த சுரங்கத் தொழிலாளி என்ற வார்ப்பையே தூக்கி எறிந்த துணிச்சல் இது.

இனி குறைகள், அவை சிறியவை அல்ல. டன்மரின் முன்னோர் வழிபாடு கேமின் மிக அழகான எண்ணம், ஆனால் செயல்பாட்டில் அதுவே மிகப் பெரிய ஓட்டை. குடும்பக் கல்லறைகளைக் கொள்ளையடிப்பது கொடும் பாவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு உரிமையாளர் என்று யாரையும் பதிவு செய்யவில்லை, அதனால் எடுத்தால் திருட்டாகாது. சாம்பல் தாழியிலிருந்து எலும்புத் தூளை அள்ளிக்கொண்டு போய் அதே குலத்துக் கடைக்காரரிடம் விற்கலாம், அவர் முகம் சுளிக்கமாட்டார். முட்டைச் சுரங்கத்துக்கு வைத்த காவல் மூதாதையருக்கு இல்லை. நீங்கள் டன்மராகவே விளையாடினாலும் கல்லறை ஆவிகள் தாக்கும். சாதாரண ஆயுதம் அவற்றின்மேல் படாது, வெள்ளியோ மந்திர ஆயுதமோ வேண்டும்.

அடுத்தது அடிமை முறை. பூனை போன்ற கஜீத், பல்லி போன்ற ஆர்கோனியன் இனத்தவரை டன்மர் அடிமைகளாக வைத்திருக்கிறார்கள், மீட்பதற்கு இரகசியக் குழுவும் இருக்கிறது. நல்ல அடித்தளம்தான். ஆனால் நீங்களே ஆர்கோனியனாக விளையாடினால் சில வசனங்கள் மாறுவதோடு சரி. அடிமை வைத்திருக்கும் டெல்வானி குலத்தில் சேர்ந்து உச்சப் பதவிவரை போகலாம், இனத்தைக் காரணம் காட்டி யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒரே இனத்தவர் என்றால் என்பிசியின் (கேம் இயக்கும் பாத்திரத்தின்) விருப்ப அளவில் 5 புள்ளி கூடும், அவ்வளவே. 0 முதல் 100 வரை போகும் அளவில் அந்த 5 புள்ளியைச் சிறு லஞ்சம் விழுங்கிவிடும்.

டயலாக்கின் குறை வேறு வகை. தலைப்பைச் சொடுக்கினால் பதில் வரும், அதே பதிலை ஊரில் பாதிப் பேர் வார்த்தை மாறாமல் சொல்வார்கள். காரணம் எளிது. ஒவ்வொரு தலைப்புக்கும் பதில்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இனம், குலம், பதவி, ஊர், விருப்ப அளவு என்ற வடிகட்டிகளை மேலிருந்து கீழாகச் சோதித்து, முதலில் பொருந்துவது வெளியே வரும். குறிப்பான பதில் எழுதாத ஆட்கள் எல்லோரும் அடியில் இருக்கும் பொதுப் பதிலில் போய் விழுகிறார்கள். டன்மருக்கு நடுவரிசைகள் நிறைய எழுதியிருப்பதால் தாங்குகிறது. ஓர்க், பாஸ்மர் (காட்டு எல்ஃப்), ஆர்கோனியனுக்கு அந்த நடுவரிசை மெலிவு, அதனால்தான் அவர்கள் வேறு முகமூடி போட்ட அதே ஆட்களாகத் தெரிகிறார்கள். ஓர்க்குகளும் எல்ஃப் வம்சம்தான் என்ற அருமையான பின்னணி இருந்தும், தீவில் அவர்களைப் பெரும்பாலும் படைவீரர்களாகத்தான் சந்திக்கிறோம்.

இந்த விஷயத்தில் பயோவேரின் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ், 2009, ஒரு படி மேலே. அதன் டுவார்ஃப் நகரமான ஓர்சமாரில் பிறப்பே படிநிலை. மகனுக்குத் தகப்பன் நிலை, மகளுக்குத் தாய் நிலை. படிநிலை இல்லாதவருக்கு முகத்தில் முத்திரை. அந்த அடிமட்டத்திலிருந்து வந்த பாத்திரமாக விளையாடினால், பல மணி நேரம் கழித்து உலகைக் காக்கும் வீரராக அதே ஊருக்குத் திரும்பும்போது அரண்மனையில் கிடைக்கும் வரவேற்பே வேறு மாதிரி. விளையாடுபவரின் பிறப்பைக் கேள்வி கேட்கும் இந்தத் துணிவு மோரோவிண்டுக்கு இருந்திருந்தால் அதை மிஞ்ச ஆளில்லை. மறுபக்கம், ஓர்சமாரில் நீங்கள் சாப்பிடுவதும் நடப்பதும் மற்ற ஊர்களைப் போலத்தான். நிலமும் பிழைப்பும் பண்பாடும் ஒன்றாகப் பிணைவதில் மோரோவிண்டை அது நெருங்கவில்லை.

வாங்குவதானால் ட்ரைப்யூனல், பிளட்மூன் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த பதிப்பை வாங்குங்கள். அதை ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஓட்டுவது நல்லது. அசல் கேமின் ஃபைல்கள் அதற்குத் தேவை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், தொலைவில் உள்ள நிலமும் தெரியும்.

புதியவர்கள் முதல் மணி நேரத்திலேயே விட்டுவிட்டு ஓடுவது சண்டையால். வாள் எதிரியின் உடம்பில் படுவது போலக் கண்ணுக்குத் தெரிந்தாலும் அடி விழாது, ஏனென்றால் பின்னால் பகடை உருளுகிறது. ஆயுதத் திறனும் மிச்சமிருக்கும் தெம்பும் சேர்ந்து அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஓடினால் தெம்புப் பட்டை காலியாகும். ஓடிப் போய்ச் சண்டையில் இறங்குபவருக்குத்தான் பல வீச்சுகள் காற்றில் போகின்றன. பாத்திரம் உருவாக்கும்போது ஒரே ஒரு ஆயுதத் திறனை முதன்மைத் திறனாக வையுங்கள், அது 30-ல் தொடங்கும். டன்மருக்கு ஷார்ட் பிளேட் என்ற குறுவாள் திறனில் இனச் சலுகையாக இன்னும் 10 உண்டு. தொடக்கத்தில் வரும் அலுவலக மேசையிலேயே ஒரு குத்துவாள் கிடக்கிறது. எதிரியைப் பார்த்ததும் நடையாக நெருங்குங்கள்.

வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. ஆற்றைத் தாண்டி இடது பக்கப் பாறையில் திரும்பு என்ற மாதிரி ஜர்னலில் எழுதியிருக்கும், அதைப் படித்துத்தான் போக வேண்டும். மூன் ஷுகர், ஸ்கூமா என்ற போதைப்பொருட்கள் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், பெரும்பாலான வியாபாரிகள் பேரமே பேசமாட்டார்கள். ஏன் என்று புரியாமல் பலர் இதை பக் (மென்பொருள் பிழை) என்று நினைத்துவிடுகிறார்கள்.

பண்பாட்டைப் பார்ப்பதற்காக விளையாடுகிறவர்கள் முதல் முறை ரெடோரானில் சேரலாம், கூடவே கோயிலிலும் சேருங்கள். இரண்டின் குவெஸ்ட்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு குலம்தான், எனவே டெல்வானிக்கு இரண்டாவது பாத்திரம் வைத்துக்கொள்வதே சரி. சொந்தமாக கேமோ மோடோ (கேமை மாற்றும் கூடுதல் கோப்பு) எழுதுபவர்கள், பிசி பதிப்போடு வரும் கன்ஸ்ட்ரக்ஷன் செட் என்ற திருத்தும் கருவியைத் திறந்து டயலாக் பட்டியலில் டன்மர் என்று வடிகட்டிப் பாருங்கள். பிறகு அதே தலைப்பில் ஓர்க் என்று போட்டுப் பாருங்கள். வரிகளின் எண்ணிக்கையே எங்கே உழைத்திருக்கிறார்கள், எங்கே விட்டிருக்கிறார்கள் என்று காட்டிவிடும்.

கடைசியாக, இரண்டு விரிவாக்கங்களும் உள்ள பதிப்பில் முதல் நிலையிலேயே தூங்கினால்கூட டார்க் பிரதர்ஹுட் என்ற இன்னொரு சங்கத்தின் கொலையாளி வந்து எழுப்புவார். ட்ரைப்யூனல் கதையின் தொடக்கத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் தூக்கத்தோடு இணைத்துவிட்டதன் விளைவு அது. தப்பித்துக் கொன்றுவிட்டால் அவர் கவசம் பெரிய விலைக்குப் போகும், தொடக்க கட்டத்தின் வறுமையும் போஷனுக்குக் காசு சேர்க்கும் அழுத்தமும் அன்றோடு போய்விடும். இதைத் தள்ளிப்போடும் சிறிய மோட்கள் கிடைக்கின்றன. முதல் சேவ் போடுவதற்கு முன்பே அவற்றில் ஒன்றை நிறுவிவிடுங்கள்.